ஆயிரத்து இருநூறா, ஆயிரத்து ஐந்நூறா

3 ஜூன் 1962, ஞாயிறு

நூர்தீன் மச்சானுக்குக் கேமரன் மலையில் வேலை கிடைத்துவிட்டது. ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்தகத்தில் டிரஸ்ஸர், காயத்துக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற வேலை. பதினெட்டாம் தேதி காலை அங்கே இருக்க வேண்டும். சம்சுன்னிசா அக்கா, நான்கு பிள்ளைகள், மச்சானின் தாயார் எல்லாரும் அவரோடு போகிறார்கள். இத்தனை பேரையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு மலையேறவும், பிறகு அங்கே இறங்கி ஏறவும் மச்சான் ஒரு ஸ்டேஷன் வேகன் வாங்கப்போகிறார்.

வண்டியைப் பார்த்தாகிவிட்டது. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு கடையில் இரண்டு நிற்கின்றன. உடம்பு ஒன்றுதான், எஞ்சின் வேறு. சாம்பல் நிற வண்டி ஆயிரத்து இருநூறு சிசி. பச்சை வண்டி ஆயிரத்து ஐந்நூறு. எது என்று நான் சொல்ல வேண்டுமாம்.

"வீட்டுல எஞ்சின் படிக்கிற ஆளை வச்சுக்கிட்டு நான் எதுக்கு வெளியில கேக்கணும்?" என்றார் மச்சான்.

பாலிடெக்னிக் மாலை வகுப்பில் இது எனக்கு இரண்டாம் வருஷம். முதல் வருஷம் ஐம்பத்தொரு மதிப்பெண்ணில் தேறினேன். அதை மச்சானிடம் நான் சொல்லவில்லை.

நேர்முகத்துக்கு அவர் பஸ்ஸில் போய் வந்தார். அடிவாரத்தில் இருக்கும் தாப்பாவிலிருந்து மேலே முப்பது மைலுக்கு மேல் வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. பாதி வழியில் ஒரு கார் மூடியைத் திறந்துபோட்டு ஆவி விட்டுக்கொண்டு நின்றதாம். அந்தக் குடும்பம் பள்ளத்தின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்ததாம், கைக்குழந்தையோடு. இதை மச்சான் என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்றாம் முறை சொன்னபோது பாயின் நிறத்தையும் சொன்னார்.

எனவே முறையாகச் செய்வதென்று முடிவெடுத்தேன். முதலில் பாரம். எங்கள் டன்லப் ஸ்திரீட் வீட்டுக்குக் கீழேதான் ஒலி முகம்மது நானாவின் அரிசிக் கடை. மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு அங்கே இருக்கிறது. காலையில் எல்லாரையும் கீழே இறக்கினேன்.

"நான் என்ன சியாம் அரிசியா?" என்று மாமி, அதாவது மச்சானின் தாயார், படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்.

"அரிசின்னா நானே தூக்கி வச்சிருவேன் லா. நீங்க மனசு வச்சு ஏறுனாத்தான் உண்டு," என்றார் நானா.

"ஓய், நாலு பேரு நிக்கிற கடையில என் எடையைக் கூவப் போறீரா?"

"கூவ மாட்டேன். தம்பி காதுல மட்டும் சொல்றேன்."

இந்த ஒப்பந்தத்தின் பேரில்தான் மாமி ஏறினார். அக்காவும் அதையே கேட்டாள். பிறகு பிள்ளைகளும். பன்னிரண்டு வயது ஜரீனா தன் எண்ணைத் தம்பிகளிடம் சொன்னால் என்னோடு பேசவே மாட்டேன் என்றாள். ஆகவே நானா ஒவ்வொரு எண்ணாக என் காதில் முணுமுணுக்க, நான் நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன். மச்சான் 114, மாமி 141, அக்கா 102, பிள்ளைகள் 54, 39, 30, 21. பெட்டி படுக்கை எல்லாம் 99. கூட்டினால் சரியாக அறுநூறு. இப்படி மிச்சமில்லாமல் நூறுகளில் வந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். அறுநூறுதான்.

தராசைச் சோதிக்க முதலில் நானும் ஏறினேன். 96. வேலைக்குச் சேர்ந்தபோது இதைவிட நிறைய இருந்தேன். வகுப்பு வகுப்பு என்று ராத்திரிச் சோற்றை விட்டு ஓடி நான் காய்ந்து போய்விட்டேன் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார். அவர் சொல்வது சரிதான் போலிருக்கிறது.

4 ஜூன், திங்கள்

விடியும் முன் எழுந்து கணக்கை முடித்தேன். வண்டியின் எடை, எஞ்சின் திறன், கியர் விகிதம் மூன்றும் கடைக்காரர் கொடுத்த தாளில் இருக்கின்றன. உயரம் போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சின் சக்தி குறையும், அதையும் கழித்தேன். பாதையின் சரிவுதான் எனக்குத் தெரியாது. எட்டடிக்கு ஓரடி என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்று எழுதும்போதே கை கூசுகிறது.

விடை: ஆயிரத்து இருநூறு சிசி வண்டி இரண்டாவது கியரில் ஏறிவிடும். மிச்சம் கொஞ்சம்தான், ஆனால் மிச்சம்.

அரை நாள் லீவு போட்டு மச்சானோடு கடைக்குப் போனேன். விற்பனையாளர் தனசேகரன் என்பவர், கழுத்துப்பட்டை கட்டியவர், எங்களைப் பச்சை வண்டியிடமே கூட்டிப்போனார்.

"மலைக்குன்னா இதை எடுத்துக்குங்க சார். பின்னால வந்து என்னைத் திட்டக் கூடாது."

பெரியதை விற்பதுதானே அவர் வேலை என்று நினைத்தேன். மச்சான் பச்சை வண்டியின் மூடிமேல் கையை வைத்தவர் எடுக்கவில்லை. அவருக்கு அதில்தான் மனம் என்று தெரிந்தது. நான் நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வரிக்கு வரி தலையாட்டினார்.

"அப்ப இருநூறு போதுங்கிறே?"

"போதும் மச்சான். பெட்ரோலும் கம்மி."

மச்சான் கையை எடுத்தார். சாம்பல் வண்டிக்கு முன்பணம் கொடுத்தோம். சனிக்கிழமை கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை வண்டி வீட்டுக்கு வந்துவிடும். திரும்பும் வழியெல்லாம் எந்த இடத்தில் பிழை இருக்கும் என்று மனம் தேடிக்கொண்டே இருந்தது. சரிவில்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

8 ஜூன், வெள்ளி

பிழை சரிவில் இல்லை.

தஞ்சோங் பகார் துறைமுகக் கிடங்கில் என் வேலை மிளகு மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுவது. கொண்டுவருகிறவர்கள் காட்டி, பிக்குல் என்கிற உள்ளூர் எடைகளில் நிறுத்துக் கொடுப்பார்கள். கப்பலுக்குப் பவுண்டில் எழுத வேண்டும். மூன்று காட்டி நான்கு பவுண்டு. நாளுக்கு நாற்பது சீட்டாவது மாற்றுகிறேன். யோசிக்கவே தேவையில்லை, கை தானாக எழுதும்.

இன்று பதினொரு மணிக்கு ஒரு மூட்டை 96 காட்டி வந்தது. கை தானாக 128 என்று எழுதியது. நூற்றிருபத்தெட்டு. அந்த எண்ணை எங்கே பார்த்தேன் என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்தபோது டாக்டர் என் அட்டையில் எழுதிய எடை அது. பவுண்டில்.

நான் காய்ந்து போகவில்லை. ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. அரிசிக் கடைத் தராசு காட்டித் தராசு. நானா என் காதில் எண்ணை மட்டும் சொன்னார். நானும் எண்ணை மட்டும் எழுதினேன். வீட்டுக்குப் போய் அதைப் பவுண்டுக் கணக்கில் போட்டேன். பாரம் அறுநூறு பவுண்டு அல்ல, எண்ணூறு.

சாலையோரம் தண்ணீர்க் குழாயடியில் போய் முகம் கழுவினேன்.

மாலை வகுப்பில் கரும்பலகையில் என்ன எழுதினார்கள் என்று தெரியாது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணூற்றை அறுநூறாக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி படுக்கையை லாரியில் அனுப்பினால்? போதவில்லை. மாமியை ரயிலில் அனுப்பினால்? முழங்கால் வலியோடு அவர் தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கி மலை பஸ்ஸில் ஏற மாட்டார். சரிவை எட்டுக்கு ஒன்று என்பதற்குப் பதில் பதினொன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால்? வண்டி அழகாக ஏறியது. அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கிழித்துவிட்டேன். மச்சான் ஏறப்போவது நான் வைத்துக்கொள்கிற மலையில் அல்ல.

இப்போதே சொல்லிவிடுவதென்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். வாசலில் மச்சான் பக்கத்துக் கடைக்காரரிடம், "எங்க வீட்டு எஞ்சினியர் வந்துட்டாரு" என்றார். மேலே அக்கா தையல் மெஷினைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மாமி மலைக் குளிருக்கென்று பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை வாங்கியிருந்தார். நான்கும் அதைப் போட்டுக்கொண்டு இந்தப் புழுக்கத்தில் வியர்த்து நின்றன.

சொல்லவில்லை.

9 ஜூன், சனி

அக்காவும் கூட வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கடையில் சாம்பல் வண்டியின் பின்கதவைத் திறந்து, தையல் மெஷின் எங்கே, மாமியின் கால் நீட்ட இடம் எங்கே என்று சாணால் அளந்துகொண்டிருந்தாள். தனசேகரன் தாளை நீட்டினார். மச்சான் பேனாவைத் திறந்தார்.

"மச்சான், கொஞ்சம் இருங்க."

"என்ன?"

"நிறுத்தது காட்டி. நான் பவுண்டுன்னு போட்டுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். இருநூறு பவுண்டு விட்டுப்போச்சு என்றேன். முதலில் சிரித்தது அக்காதான்.

"அப்ப மாமி நூத்தி நாப்பத்தொண்ணு இல்லையா? எவ்வளவு?"

"நூத்தி எம்பத்தெட்டு," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. மாமியின் எண் அக்காவுக்கு முதலிலேயே எப்படித் தெரிந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. என் நோட்டை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் காட்டியா பவுண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.

மச்சான் சிரிக்கவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"அந்தப் பச்சை வண்டி எங்க?"

"புதன்கிழமையே போயிருச்சு சார்," என்றார் தனசேகரன். "பிடோக்ல கோழிப்பண்ணை வச்சிருக்கிற ஒரு தௌக்கே, சீன முதலாளி, எடுத்துட்டாரு. அடுத்த கப்பல்ல ஒண்ணு வருது. அஞ்சு வாரம் ஆகும்."

அக்காவின் சிரிப்பு நின்றது. ஐந்து வாரம் என்றால் என்னவென்று அவளுக்கு என்னைவிட வேகமாகக் கணக்குப் போட வந்தது. பதினெட்டாம் தேதி மச்சான் தனியாகப் போக வேண்டும்.

"அலீம், இங்க பாரு," என்றார் மச்சான். "இந்தச் சாம்பல் வண்டி ஏறுமா, ஏறாதா? ஒண்ணைச் சொல்லு."

"ஏறும். முதல் கியர்ல. முப்பது மைலும் முதல் கியர்ல. நடுவுல சூடாகி நிக்கும்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

"தெரியாது மச்சான். ஆனா அதுல அக்காவையும் பிள்ளைங்களையும் நான் ஏத்த மாட்டேன்."

தனசேகரன் தன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். திங்கட்கிழமையே சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்தார், அதற்கு நான் அவருக்குக் கடமைப்பட்டவன். மச்சான் வெகுநேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்தக் கப்பல் வண்டிக்கே எழுதுங்க," என்றார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அக்கா கேட்டாள்: "துறைமுகத்துல நாள் முழுக்க என்னடா வேலை பார்க்கிறே?"

"காட்டியைப் பவுண்டா மாத்துறேன்."

அதோடு அவள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

16 ஜூன், சனி

இந்த ஒரு வாரமும் அக்கா என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மாமி பேசினார், ஆனால் பேசிய ஒவ்வொரு முறையும் நூற்றெண்பத்தெட்டு என்ற எண் வந்தது. "நூத்தி எம்பத்தெட்டு பவுண்டு கிழவிக்கு ஒரு தண்ணி குடு" என்பார். அதைவிட அக்காவின் மௌனமே மேல் என்றிருந்தது. வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று தினமும் கணக்குப் பார்த்தேன். ஒன்றும் மாறியிருக்காது, பச்சை வண்டி புதன்கிழமையே போய்விட்டது. ஆனாலும் மனம் ஆறவில்லை.

இன்று காலை ரயிலுக்கு எல்லாரும் தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்குப் போனோம். மச்சானிடம் ஒரே ஒரு டிரங்குப் பெட்டி. சின்னவன் அவர் சட்டையைப் பிடித்தவன் விடவில்லை. விரல் விரலாக எடுக்க வேண்டியிருந்தது. அவர் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஒரு கவரை என்னிடம் நீட்டினார். வண்டிக் கடையின் சீட்டு.

"சேர்ந்த மாசத்துலயே லீவு கேட்டா தோட்டத்துல குடுக்க மாட்டாங்க. வண்டி வந்ததும் நீ எடுத்து, இவங்களக் கூட்டிக்கிட்டு வந்துரு."

எனக்கு அவர் சொன்னது உடனே ஏறவில்லை.

"மச்சான், எனக்கு லைசென்ஸே இல்ல."

"நாலு வாரம் இருக்குல்ல?"

"வேணாம் மச்சான். நல்ல டிரைவரா ஒருத்தரைப் பிடிச்சு அனுப்புறேன். மலைப்பாதை தெரிஞ்ச ஆளா."

"அவன் பாட்டுப் பாடிக்கிட்டு ஓட்டுவான். நான் மேல உக்காந்து முப்பது மைலும் பயந்துக்கிட்டு இருக்கணும். நீ ஓட்டுனா நீயே பயப்படுவே. எனக்கு அது போதும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். கடையில் சிரிக்காத சிரிப்பு. ரயில் நகர்ந்துவிட்டது. பிள்ளைகள் நடைமேடை முடிகிற இடம் வரை ஓடின. அக்கா ஓடவில்லை. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு கடைசிப் பெட்டி மறையும்வரை நின்றாள். சின்னவன் என் தோளில் ஏறி அழுதுகொண்டிருந்தான்.

அவள் திரும்பி என் கையிலிருந்த கவரைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமை லீவு போடு," என்றாள். "எல் போர்டுக்கு எங்க போய் நிக்கணும்னு இன்னைக்கே விசாரி."