அடைத்த வால்வு

மண்ணூர்பேட்டை ஷெட்டில் புதுவகை மின்கேபிளுக்குச் சோதனை. திரவ நைட்ரஜன் ஓடி உறையவைத்தால்தான் அந்தக் கேபிள் வேலை செய்யும். நைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் ஏறாமல் காக்கும் வால்வு காலையிலிருந்து சீறிக்கொண்டேயிருந்ததில் ஃபோர்மேன் ராயப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"காஸ் வீணாப் போவுது, ஆப்பு அடிடா!"

"சீறினா தொடாதேன்னு இஞ்சினீரு சொல்லிகீறாரு, அண்ணாத்தே," என்றான் உதவியாள் துலுக்கானம்.

பளாரென்று அறை விழுந்தது.

"எத்தினி தண்ணி பைப்ப அடைச்சிகீறேன், எனக்கே சொல்றியா?"

ராயப்பனே வால்வின் வாயில் மர ஆப்பைச் செருகி, வெறியோடு சுத்தியலால் அடித்து இறக்கினார். சீற்றம் அடங்கியது.

மத்தியானம் தொட்டி வெடித்தது.

கூரைத் தகரத்தோடு தூக்கியெறியப்பட்டுக் கிடந்த ராயப்பனிடம் துலுக்கானம் வெண்புகைக்குள் தவழ்ந்து போனான். உடைந்த தொட்டி காதைக் கிழிக்கிற மாதிரி அலறிக்கொண்டிருந்தது. அவருடைய இரண்டு காதிலும் ரத்தம்.

"பாத்தியாடா," என்றார், "சத்தமே இல்ல."