எட்டு மணி நேரம்

முதல் இடைவேளை பத்தே நிமிடம். அதற்குள் நானூறு பிள்ளைகள் வந்து போயாக வேண்டும். மணி அடித்த பிறகு வாளியைத் தூக்கினால் காரியம் கெட்டது என்று, பினாயில் அக்கா ஐந்து நிமிடம் முன்னதாகவே கழிப்பறை வாசலில் மாப்புக்கட்டையோடு நின்றுவிடுவாள். பினாயில் அக்கா என்பது பிள்ளைகள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். பதினோரு வருஷத்தில் முகத்துக்கு நேராகவே கூப்பிடும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது. எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, எந்தக் குழாய் மூடினாலும் ஒழுகும், சுவரில் கிறுக்குகிற கை எது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பக்கம் யார் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதும் தெரியும்.

பத்தாம் வகுப்பு மைனா வருவதில்லை. பள்ளிப் பதிவேட்டில் பையன். யாராவது கேட்டால், "நான் பொண்ணு" என்று தரையைப் பார்த்தபடி சொல்வாள். மைனா என்பது அம்மா கூப்பிடும் பெயர். வகுப்பில் அவளுக்கு வேறு பெயர்கள் இருந்தன, ஒன்றும் வாயால் சொல்லும்படி இல்லை. இடைவேளையில் மாடிப்படியின் கீழே தனியாக உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது, காலையில் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை ஒரு வாய்கூடக் குடிக்காமல் அப்படியே வாசல் செடிக்கு ஊற்றிவிட்டுப் போவாள்.

"ஏன் கண்ணு, தண்ணி குடிக்க மாட்டியா?"

"தாகம் இல்லக்கா."

ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை முடிந்து அரவம் அடங்கிய பிறகு, பையன்கள் கழிப்பறையின் கடைசிக் கதவுக்குப் பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. கதவின் கைப்பிடியைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அக்கா விரல் கிழிய அதை முறுக்கிப் பிரித்தாள். உள்ளே மைனா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மேலிருந்து யாரோ ஊற்றிய தண்ணீரில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. அழவில்லை.

"எந்தப் படுபாவி பண்ணான்?"

"சொன்னா, நாளைக்கு என்னை யாருக்கா காப்பாத்துவா?"

"எவ்வளவு நேரமா நிக்கிற?"

"இப்பதான்... இல்லக்கா, இடைவேளைக்கு முன்னாடியே, ரெண்டு பீரியட் இருக்கும்." சட்டை நுனியைப் பிழிந்தபடி தானாகவே சொன்னாள். "ஒண்ணுக்கு போறப்ப எரியுதுன்னு டாக்டர்கிட்ட போனோம். தண்ணி நிறைய குடிக்கச் சொன்னாரு. குடிச்சேன். அதனாலதான் இங்க வர வேண்டியதாப் போச்சு."

மறுநாள் அக்கா யாரையும் கேட்கவில்லை. ஆய்வகத்தை ஒட்டி ஆசிரியர்களுக்கான கழிப்பறை ஒன்று இருந்தது. அதைத் திறந்து மைனாவை உள்ளே அனுப்பிவிட்டு, மாப்புக்கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

"உன் வேலை கழுவுறது. யாரு எங்க போகணும்னு நீ முடிவு பண்ணாத."

"கழுவுறவளுக்குத்தான மேடம் தெரியும், யாரால எங்கயும் போக முடியலன்னு."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மதியத்துக்குள் ஒப்பந்தக் கம்பெனி சூப்பர்வைசரின் போன் வந்துவிட்டது. "ஏம்மா, உனக்குச் சம்பளம் குடுக்கிறது நாங்க. பள்ளிக்கூட வம்பெல்லாம் உனக்கு எதுக்கு?"

அன்று பள்ளி விட்டதும் மைனாவின் அம்மா வாசலில் காத்திருந்தாள். துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

"போதும்க்கா, படிப்ப நிறுத்திடலாம்னு பாக்குறேன். என்கூடவே கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிடுறேன். என் கண்ணு முன்னாடியாவது இருக்கும்."

அக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "கம்பி கட்டினவன் பெஞ்சுல உக்காந்து பாடம் படிப்பான், நம்ம பிள்ளை மெஷின்ல உக்காந்து காலர் வைக்கணுமா? உனக்கு வார லீவு என்னைக்கு?"

இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு வாய்க்கவில்லை. ஆளுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குப் போனார்கள். முதல் தடவை அதிகாரி வெளியூர். இரண்டாம் தடவை மனு எழுதிய விதம் சரியில்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். மூன்றாம் தடவை நடைபாதை பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார வைத்தார்கள். மைனாவின் அம்மா எழுந்து நடப்பாள், உட்காருவாள், மறுபடி எழுவாள். அக்கா மனதுக்குள் பேச வேண்டியதை அடுக்கிப் பார்த்தாள். கூப்பிட்டபோது அத்தனையும் மறந்துவிட்டது.

அதிகாரி மனுவை மேலோட்டமாகப் பார்த்தார். "ஒரு பிள்ளைக்காகத் தனி ஏற்பாடு எப்படிம்மா பண்ண முடியும்?"

"சார், காலையில எட்டு மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்புற பிள்ளை, திரும்பிப் போற நாலு மணி வரைக்கும் ஒண்ணுக்கு போகாம இருக்குது. எட்டு மணி நேரம். நீங்க ஒரே ஒரு நாள் அப்படி இருந்து பாருங்க. அப்புறம் சொல்லுங்க, முடியாதுன்னு."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"அதோட, ஒரு பிள்ளை இல்ல சார். பதினோரு வருஷத்துல இந்த மாதிரி ஆறு பேரப் பாத்திருக்கேன். ஒம்பதாவதுல ஒரு பையன், நல்லாப் பாடுவான், பொம்பள மாதிரி நடக்கிறான்னு அடிச்சாங்க. பன்னெண்டாவதுல ரெண்டு பொண்ணுங்க, ஒண்ணா கைகோத்து நடந்ததுக்கு பேரு கெட்டுப்போச்சு." விரல் விட்டு வரிசையாகச் சொன்னாள். "மத்த அஞ்சு பேரும் பள்ளிக்கூடத்த விட்டே போயிட்டாங்க. நான் வாயத் திறக்கல. அந்தப் பாவம் என்னோடது. இந்த ஒண்ணையாவது விட மாட்டேன்."

மைனாவின் அம்மா அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஆணை வந்தது. ஒவ்வொரு பள்ளியிலும் எந்தப் பிள்ளையும் கேள்வி இல்லாமல் போகக்கூடிய ஒரு கழிப்பறை திறந்திருக்க வேண்டும். கேலிக்கும் அடிக்கும் விசாரணை உண்டு. மைனா இப்போது பெயரைச் சொல்ல, கம்பி கட்டிய மூன்று பையன்களின் பெற்றோரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அன்றைக்கு இடைவேளையில் மைனா அக்காவைத் தேடி வந்தாள். பாட்டிலைத் திறந்து, ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"பாத்தியாக்கா?"

அக்கா சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது.

அந்த வாரக் கடைசியில் சூப்பர்வைசர் அவளை ஊரின் அடுத்த மூலையிலிருந்த வணிக வளாகத்துக்கு மாற்றினான். "பள்ளிக்கூடத்துல ஆளை மாத்தச் சொல்லிட்டாங்க. வேலையே போகலையேன்னு சந்தோஷப்படு."

பரீட்சை முடிந்து விடுமுறைக்கு முன், பள்ளிக்கு ஒரு விருது வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான பள்ளி என்று ஏதோ ஒரு சங்கம் கொடுத்தது. மைனா போன் செய்தாள். "நீ வரலன்னா நான் மேடையே ஏற மாட்டேன்க்கா. சொல்லிட்டேன்."

சாப்பாட்டு நேரம் அரை மணி. போக வர பஸ்ஸுக்கே அது போதாது. அக்கா கம்பெனிச் சட்டையை மாற்றாமல் ஓடினாள். மண்டபத்துக்குள் நுழையும்போது மைனா பேசிக்கொண்டிருந்தாள். காதில் சின்னத் தோடு, குரல் மட்டும் தடுமாறியது. "எனக்காக வாசல்ல நின்னாங்க. மூணு நாள். கட்டையோட." பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "பினாயில் அக்கா!" என்று ஒரு மூலையிலிருந்து கத்தினார்கள். மண்டபமே எழுந்து கைதட்டியது.

தலைமையாசிரியை அவளை மேடையில் நிறுத்தி, சான்றிதழைக் கையில் கொடுத்தார். "எங்கள் பள்ளிக் குடும்பத்தின் முக்கியமான உறுப்பினர்" என்று மைக்கில் சொன்னார். யாரோ குடிக்கக் கொடுத்த பழச்சாற்றை அக்கா மடக்கு மடக்கென்று குடித்தாள். சட்டைப் பையில் போன் விடாமல் அதிர்ந்தது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கக்கா," மைனாவின் அம்மா வழியை மறித்தாள்.

"இன்னொரு நாளைக்கு. இப்ப ஆளை விடு தாயி." கைதட்டல் அடங்குவதற்குள் அவள் சாலையில் இருந்தாள்.

வளாகத்தின் இரண்டாம் மாடியில் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தான். "ஒன்றரை மணி நேரம். அரை நாள் சம்பளம் பிடிச்சாச்சு. எட்டு மணி வரைக்கும் மாடிய விட்டு இறங்கக் கூடாது."

"சார், ஒரு அஞ்சு நிமிஷம், கீழ போயிட்டு..."

"இறங்கக் கூடாதுன்னு சொன்னேன்."

ஊழியர்களுக்கான கழிப்பறை நிலத்தடித் தளத்தில், வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. அக்கா சான்றிதழைத் தள்ளுவண்டியில் காகிதச் சுருள்களுக்கு அடியில் செருகினாள். பெண்கள் கழிப்பறைக்குள் போய் ஆறு அறைகளையும் வரிசையாகக் கழுவினாள். யாரும் இல்லை. ஆறும் வெள்ளை வெளேரென்று, கதவு திறந்தபடி இருந்தன. கூரையில் கேமரா இல்லை, ஆனால் வாசலில் சூப்பர்வைசர் நின்றான்.

வெளியே வந்து வாசல் கதவைத் துடைத்தாள். கதவில் பித்தளைப் பலகை. வாடிக்கையாளர்களுக்கு மட்டும். அதன் எழுத்துகளுக்கு இடையே அழுக்கு சேர்ந்திருந்தது. துணியை விரல் நுனியில் சுற்றிக்கொண்டு, கால் மாற்றிக் கால் நின்றபடி, ஒவ்வோர் எழுத்தாகப் பளபளப்பாக்கினாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே கால்.