இரண்டாம் கியரில் ஒரு கை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பெரிய மனசுக்காரன் மாதிரி பேசினால் நீங்கள் ஏமாறக் கூடாது. எதிரே வந்த வண்டிக்கு நான் கை தூக்கினேன். எட்வியின் வண்டி. எப்போதும் கூரை நிழலில் ஆள் சரியாகத் தெரியாது; அன்று அதை மடித்துப் போட்டிருந்ததால் நெஞ்சுவரை தெரிந்தான். என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கையைத் தூக்காமலே போய்விட்டான்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே கடல் நடுவில் இருக்கும் இந்த நார்ஃபோக் தீவில் இப்படிச் செய்வது வீட்டுக்கு வந்தவனுக்கு நாற்காலி போடாததற்குச் சமம். இங்கே வழக்குப் போட்டவனுக்கும் கை தூக்க வேண்டும், வேலி தாண்டி மாட்டை விட்டவனுக்கும் தூக்க வேண்டும். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது எழும்ப வேண்டும். எனக்கு இந்தத் தீவில் தலை நரைத்துவிட்டது. இதுவரை எனக்கு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து பழிவாங்க உட்கார்ந்தேன். எழுதுகிறவனுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது?

2

முதல் தொடக்கம்: "எட்வி ஒரு திமிர் பிடித்த கிழவன். பெண்டாட்டி விட்டுப் போனதிலிருந்து அவனுக்கு மனுஷர்களே—"

[நிறுத்திவிட்டேன். ஐலா அவனை விட்டுப் போகவில்லை. பிரிஸ்பேனில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனாள். வருகிறேன் என்று சொல்லித்தான் போனாள். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.]

இரண்டாம் தொடக்கம்: "கடற்காற்றில் ஒரு பழைய ஜீப்—"

[ஜீப் என்றதும் உங்களுக்குக் காக்கிச்சட்டையும் லத்தியும் ஞாபகம் வரும். இது அது இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும் குட்டி வண்டி. இரண்டே கதவு. மேலே கேன்வாஸ் கூரை. பொத்தான்களை விடுவித்து ஜிப்பை இழுத்தால் பின்பக்கம் மடிந்து படுத்துக்கொள்ளும்.]

மூன்றாம் தொடக்கத்தில் வண்டியை மட்டும் எழுதிப் பார்த்தேன். அது நன்றாக ஓடியது. தரைத்தகடு துருப்பிடித்து, காலடியில் ரோடு தெரிந்த வண்டி அது. எட்வி பழைய தண்ணீர்த் தொட்டியின் தகரத்தை வெட்டி ரிவிட் அடித்துத் தார் பூசினான். பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகி விண்டபோது மீன்பிடி நரம்பால் தைத்தான். உப்புக்காற்று தின்னாமல் இருக்க அடியில் மீன் எண்ணெய் அடிப்பான். அடித்த அன்று ஊர்ப் பூனைகளெல்லாம் அவன் வீட்டில்தான்.* மழை பெய்தால் கூரை நடுவில் குளம் கட்டும். உள்ளேயிருந்து துடைப்பக் கட்டையால் அதை முட்டித் தள்ளுவான். தண்ணீர் எப்போதும் பக்கத்து சீட்டில்தான் வந்து விழும். அங்கே உட்கார ஆள் இல்லாததால் அவன் அதைச் சரி செய்யவில்லை.

* பூனைகளை நான் எண்ணவில்லை. எண்ணினால் கதை நம்பும்படி இருக்கும் என்று ஒரு கட்சி உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை.

3

கடையில் பெட் ஆன்ட்டியிடம் சொன்னேன். தீவில் பாதிப் பேருக்கு அவர் ஆன்ட்டி. மீதிப் பேர் அவரிடம் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்.

"பூசணி உனக்கும் கை தூக்கலையா?" என்றார். எங்கள் டெலிபோன் புத்தகத்தில்கூடப் பட்டப்பெயர்தான்; எட்வியின் பெயர் பூசணி என்றுதான் இருக்கும். "நானும் பாத்துட்டேன்டா. ஐலா போனதுலேந்தே அப்படித்தான். அவளுக்காகத்தான் நாம கை தூக்கினோம்னு நெனச்சுட்டான் போல. சரிதான் போடான்னு நானும் நிறுத்திட்டேன்."

"எல்லாருமேவா?"

"பின்னே? நீதான் ஒரு ஏமாளி, இன்னும் தூக்கிட்டிருக்கே!"

ஒரு ஆள் ஒரு சின்னத் தீவைச் சுற்றிச் சுற்றி வருகிறான், ஒரு கையும் எழும்புவதில்லை. அப்படி ஒரு தனிமையை நான் எழுதியிருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன்.

4

போய்க் கேட்டுவிட்டேன். எட்வி வண்டிக்கு அடியில் படுத்திருந்தான்.

"யோவ் பூசணி, என் மேல என்னய்யா கோவம்?"

"உன் மேல கோவப்பட எனக்கு நேரம் ஏது, எழுத்தாளரே?"

"அப்ப ஏன் கை தூக்கலை?"

வெளியே நகர்ந்து வந்தான். முகமெல்லாம் கிரீஸ். "எந்தக் கையத் தூக்கச் சொல்றே?" என்றான். "ரெண்டாம் கியர் நிக்காது. ஏறுனாலும் எறங்கினாலும் துள்ளி வெளிய வந்துடும். இடது கையால அமுக்கிப் பிடிச்சுக்கணும். வலது கை ஸ்டியரிங்ல. மூணாவது கை எங்கயாவது விக்கிறாங்களா?"

இந்தத் தீவில் சமதரை என்றால் விமான ஓடுதளம்தான். மீதியெல்லாம் இரண்டாம் கியர்.

"முன்னாடி தூக்கினியே?"

"முன்னாடி அவ பக்கத்துல இருந்தா. கியர அவ பிடிச்சுக்குவா. நான் ரெண்டு பேருக்குமா சேத்து ஊருக்கே கை காட்டுவேன்."

"இத ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா! ஊரே உன்னத் தலைக்கனம் பிடிச்சவன்கிறது."

"சொன்னா? வண்டிய வித்துடுன்னுவானுங்க."

5

இங்கே எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். வண்டியில் எல்லாவற்றையும் தைத்து ஒட்டி ரிவிட் அடித்தவன், கியர்பாக்ஸை மட்டும் ஏன் கழற்றவில்லை?

மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை என்று எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. சரக்குக் கப்பல் வந்து, அலை அடங்குகிறவரை வெளியே நின்று, படகுகளில் சாமான் இறக்கிய அன்று நானும் துறையில் இருந்தேன். பேரிங்கும் பல்சக்கரமும் இருந்த பெட்டியை எட்வி தோளில் வைத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெட்டி இப்போதும் அவன் கொட்டகைப் பலகையில் இருக்கிறது. கயிறுகூட அவிழ்க்கவில்லை.

"எப்பய்யா மாட்டப் போறே?" என்று கேட்டேன்.

"டட்லி அடக்கம் முடியட்டும்."

டட்லி ஐலாவின் தம்பி. முந்தின நாள் இறந்திருந்தான். ஊர் ஆண்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த விமானத்தில் ஐலா வருகிறாள்.

"அவ வர்றதுக்குள்ள மாட்டிட்டா நல்லதுதானே? சௌகரியமா கூட்டிட்டு வரலாம்."

எட்வி கையை ஒரு கந்தல் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மாட்டிட்டா அவ கைய எங்க வைப்பா?" என்றான்.

[இந்த வரிக்கு முன்னால் ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவனே சொன்ன பிறகு நான் எதற்கு நடுவில்?]

6

விமான நிலையத்தில் நான் இல்லை. நடந்ததை எட்வி பிறகு என் வேலியருகே நின்று சொன்னான். நான் அதைச் சீர்செய்து தருகிறேன்; சீர்செய்யும்போது கொஞ்சம் பொய் கலக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதித் தீவு வேலியோரம் நின்றது. ஐலா இறங்கி ஒவ்வொருவரையும் கட்டிக்கொண்டு அழுதாள். பெட் ஆன்ட்டியிடம் அதிக நேரம் அழுதாள். கடைசியில் எட்வியிடம் வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. அவன் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"வண்டி இன்னும் ஓடுதா?"

"ஓடுது."

"கூரை ஒழுகுதா?"

"உன் பக்கம் மட்டும்."

அவள் சிரித்தாளாம். எட்வி சத்தியம் செய்கிறான். சீட்டைத் துடைத்துக் காயவைத்து, மேலே துண்டு விரித்திருந்ததை அவன் அவளிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான்.

அவன் அவளுடைய பெட்டியை எடுக்கப் போனான். அந்தக் காலத்து வழக்கம் அப்படி: அவன் சாமான் எடுப்பான், அதற்குள் அவள் வண்டியைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவருவாள். சாவி வண்டியிலேயே இருக்கும். இங்கே யார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்? எட்வி பெட்டியோடு வாசலில் வந்து நின்றான். வண்டி திரும்பியது. அவனைப் பார்த்து வந்தது. அப்புறம் நிற்காமல், வெளிவாயிலைத் தாண்டி, ரோட்டில் ஏறிப் போய்விட்டது.

"டேய் பூசணி, ஏறு, என் வண்டில வா" என்று நாலு பேர் கூப்பிட்டார்கள். மறுத்துவிட்டான். அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ரோட்டில் நடந்தே வந்தான்.

7

தம்பியின் உடலைப் பார்க்கிற அவசரத்தில் எட்வியை மறந்திருக்கலாம். அவனைப் பார்த்ததும் நிறுத்தப் பயந்திருக்கலாம். வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கலாம். மூன்றையும் தனித்தனியாக மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவன் அதே மாதிரி நடந்துதான் வருகிறான்.

டட்லியின் வீட்டுக்குப் போக என் வீட்டைத் தாண்டித்தான் இறக்கத்தில் போக வேண்டும். வண்டி வந்தபோது நான் வேலியருகே நின்றிருந்தேன். கூரை இல்லை, எதுவும் மறைக்கவில்லை. நான் கை தூக்கினேன். ஐலா என்னைப் பார்த்தாள்.

அவளுடைய இடது கை எங்கே இருந்தது என்று நான் பார்த்தேன்.

[இங்கே ஒரு வாக்கியம் இருந்தது.]

இப்போது எட்வி என் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். உள்ளே வாய்யா என்றேன், வரவில்லை. பெட்டியைக் கீழே வை என்றேன், வைக்கவில்லை. மூச்சு வாங்குகிறது.

"பாத்தியா அவள?"

"பாத்தேன்."

"கை எங்க வச்சிருந்தா?"

கியரைப் பிடித்திருந்தாள் என்று நான் சொன்னால், அவள் ஒன்றையும் மறக்கவில்லை என்று ஆகிவிடும். அவன் சந்தோஷப்படுவான். கொட்டகையில் இருக்கும் பெட்டியின் கயிற்றை அவிழ்க்கவே மாட்டான். அவள் திரும்ப விமானம் ஏறின பிறகும் இரண்டு கையையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு, ஒரு மனுஷனுக்கும் கை காட்டாமல், காலி சீட்டோடு இந்தத் தீவைச் சுற்றிக்கொண்டிருப்பான்.

அந்தக் கையை எனக்குத் தூக்கினாள் என்று சொன்னால், அவள் கை அந்த இடத்தை மறந்துவிட்டது என்று அர்த்தம். அவன் இங்கேயே உடைந்துபோவான். ஆனால் நாளைக்கோ மறுநாளோ கியர்பாக்ஸைக் கழற்றுவான். அதற்கப்புறம் பெட் ஆன்ட்டியிலிருந்து எல்லோருக்கும் அவன் கை எழும்பும்.

நான் பார்த்தது இதில் ஒன்றைத்தான். அதைச் சொன்னால் நியாயம் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் உங்களுக்கு முன்னால் அவன் முகம் இல்லை, எனக்கு முன்னால் இருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவான். எழுதுகிறவன் பொய் சொல்வான் என்று தெரிந்தும் நம்புவான்.

"சொல்லுய்யா" என்கிறான்.

இரண்டில் எதைச் சொல்வது? நீங்கள் சொல்லுங்கள்.