ஐந்தாவது நுண்ணோக்கி

அந்த வீட்டில் அரியர் என்ற சொல்லுக்கு இடமே இருந்ததில்லை. முதன்முதலாக அதைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் வைத்தவள் சின்னவள். தாவரவியல் செய்முறைத் தேர்வில் போன தடவை கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் விட்டால் ஓர் ஆண்டு பாழ். அப்பா அதை வாயால் சொல்வதில்லை. ‘அந்த விஷயம்’ என்பார்.

“பயப்படாதே,” என்றான் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விட்ட அண்ணன். “தேறலேன்னா அப்பா என்னைத்தான் திட்டுவார், ஒழுங்கா சொல்லிக் கொடுக்கலேன்னு.”

“நீ எங்கண்ணா சொல்லிக் கொடுத்தே?”

“அதனாலதான் திட்டுவார்.”

ஆய்வகத்தில் மேஜைக்கு ஒரு நுண்ணோக்கி. மணி அடித்தால் அடுத்த மேஜைக்கு நகர வேண்டும். கண்ணை வைக்கலாம், கையை வைக்கக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது. நான்கு மேஜைகள் தடங்கலின்றிப் போயின.

ஐந்தாவதில் குனிந்தாள். அங்கே வருடா வருடம் வெங்காய வேர்நுனிதான் வைப்பார்கள் என்பது வகுப்புக்கே தெரியும். பிரியும் செல்கள், நூல்நூலாகக் குரோமோசோம்கள், எல்லாம் மனப்பாடம். கண்ணில் பட்டதோ கறுப்பு விளிம்போடு ஒரு வெறும் வட்டம். முன்னால் பார்த்த யாரோ இடித்துக் கண்ணாடித் தகட்டை நகர்த்தியிருக்க வேண்டும். அல்லது தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ?

வேர்நுனி என்று எழுதினால் மதிப்பெண் கைமேல். ஆனால் காணாததைக் கண்டேன் என்று எழுதக் கை வரவில்லை. அது அந்தக் குடும்பத்துக் கை.

‘காற்றுக்குமிழி. காரணம்: தடித்த கறுப்பு விளிம்பு. செல்சுவர் இல்லை. உள்ளே ஒன்றுமே இல்லை.’

மணி அடித்தது.

கடைசியில், வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா விடைத்தாளோடு அவளைக் கூப்பிட்டார்.

“இதென்னம்மா, காத்துக்குமிழி? விளையாட்டா?”

“இல்லைங்க மேடம். அதுதான் தெரிஞ்சுது.”

“வகுப்பே வேர்நுனின்னு எழுதியிருக்கே?”

“அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம் மேடம். எனக்குத் தெரியலே.”

தேர்வாளர் எழுந்துபோய் ஐந்தாவது நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிரவே இல்லை. பிறகுதான் சின்னவள் கவனித்தாள்: அந்த அம்மாவின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

“அடப்பாவிகளா! குமிழிக்குள்ள குரோமோசோம் பார்த்திருக்கீங்களே!” சிரிப்பை அடக்கிக்கொண்டு தகட்டைச் சரிசெய்தார். “எந்த நேரத்துல நகர்ந்துச்சோ தெரியலே. இந்த மேஜையை மட்டும் எல்லாரும் மறுபடி பாருங்க.” சின்னவளின் விடைத்தாளில் மதிப்பெண் போட்டுக் கூட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். “உனக்கு வேண்டாம். முழு மதிப்பெண் போட்டாச்சு. கூட்டியும் பார்த்துட்டேன். தேறிட்டே, போ.”

சின்னவள் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள். வாசலில் அண்ணனுக்குப் பக்கத்தில், வரமாட்டேன் என்று சொன்ன அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“தேறிட்டேன்பா.”

அப்பா தலையை மட்டும் அசைத்தார். நாலடி தள்ளிப்போய்ப் பெரிய அத்தைக்குப் போன் போட்டார். சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“போன் எதுக்கு?” என்றான் அண்ணன். “இந்தக் கத்தலுக்கு அத்தைக்கு நேராவே கேட்கும்.”

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். காலையிலிருந்து காணாமல் போயிருந்த பசி அப்போதுதான் வந்தது.

“அண்ணா, முதல்ல எங்கேயாவது சாப்பிடலாம். நிறைய.”