இரைச்சலை மட்டும் கேட்க

அக்காவின் பழைய கம்ப்யூட்டர் லாரி மாதிரி உறுமும். அவள் இறந்த பிறகும் அத்தான் தினமும் காலையில் அதை ஆன் செய்துவிட்டு, எடிட்டிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

"அவ உள்ள வேலை பண்ணிட்டிருக்கற மாதிரி இருக்கும்மா" என்பார்.

எனக்கு எரிச்சலாக வரும். பயமாகவும் இருக்கும். அந்த உறுமல் கேட்டால் நானும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அது அடிக்கடி தானாகவே அணையத் தொடங்கியதும், புதுசு வாங்கியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஒரு பள்ளிக்கூடத்துக்காக அக்கா எடுத்த கடைசிப் படம் பாதியில் அதற்குள் கிடந்தது. எனக்கு வேண்டியது படமல்ல, அக்காவின் குரல். அவளுடைய மகள் குட்டிக்கு அது மறந்துகொண்டே வந்தது. "அம்மா எப்படிப் பேசுவாங்க சித்தி?" என்று என்னைத் துளைத்தெடுப்பாள். நான் பேசிக் காட்டினால், இல்லை என்று தலையாட்டுவாள்.

மகராசி எங்கேயும் குரலை விட்டுவைக்கவில்லை. போனில்கூட எழுதித்தான் அனுப்புவாள். எடிட்டிங்கில் முதல் வேலையே காமிராவுக்குப் பின்னாலிருந்து தான் பேசியதை வெட்டுவதுதான். படம் கைமாறியதும் மூல வீடியோவையும் அழித்துவிடுவாள். அழியாமல் இருந்தது இந்தப் பள்ளிக்கூட வீடியோ ஒன்றுதான்.

கடைக்காரர் நல்ல மனிதர். "ராம்ல கஞ்சத்தனம் பண்ணாதீங்க மேடம். கிராஃபிக்ஸ் கார்டு நல்லதா போடுங்க. வீடியோவுக்குத் தனியா ஒரு டிஸ்க். சாஃப்ட்வேர் இதைவிட மலிவா இன்னொண்ணு இருக்கு."

அக்காவின் சாஃப்ட்வேரே வேண்டுமென்றேன். அவள் விட்ட வேலை அதில்தான் திறக்கும்.

"இந்தக் கேபினட் சத்தமே போடாது" என்றார் கடைசியாக.

"சத்தமே வராதா?" என்று கேட்ட அத்தானின் முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாள் மதியம், பழையதில் இருந்ததையெல்லாம் புது மெஷினுக்கு மாற்றி, வேலையைத் திறந்தேன். புதுப் பதிப்பில் ஆடியோவைச் சுத்தம் செய்யும் வசதி இருந்தது. அவசரக்குடுக்கை நான், எல்லா ஷாட்டுக்கும் அதைப் போட்டுவிட்டு, அக்கா வெட்டிய ஓரங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் இழுத்து, வெட்டுப்பட்ட பகுதியை மீட்டுக் கேட்டேன். பிள்ளைகளின் குரல் கண்ணாடியாகக் கேட்டது. அக்கா இல்லை. காமிராவுக்குப் பின்னால் அவள் இருந்ததே இல்லை என்பதுபோல் அவ்வளவு நிசப்தம்.

அப்போதுதான் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் கண்ணில் பட்டது: நீக்கிய இரைச்சலை மட்டும் கேட்க. அமுக்கினேன்.

மின்விசிறி ஓடியது. நாற்காலிகள் இழுபட்டன. அவற்றுக்கு அடியிலிருந்து, பக்கத்தில் நின்று பேசுவதுபோல், அக்காவின் குரல் வந்தது. சாஃப்ட்வேருக்கு அக்காவும் இரைச்சல்! வாய்விட்டு அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டியைக் கூப்பிட்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். அவளுக்கென்று கடைசி ஷாட்டின் முடிவைப் போட்டேன். படப்பிடிப்பு முடிந்து அக்கா யாரிடமோ சொல்கிறாள்: "போதும்ப்பா. வீட்ல என் பொண்ணு காத்துட்டிருப்பா. நான் கிளம்பறேன்."

குட்டி மூச்சுவிடாமல் கேட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சற்று நேரத்தில் அத்தான் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"குட்டி ஏன்ம்மா வாசல் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறா?"

புது மெஷின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் தெருப்பக்கம்தான் காது போயிற்று.