ஆந்தையின் கட்டம்

நிதால் பரணிலிருந்து இறக்கிய பழைய வீடியோ கேம் பெட்டியைப் பார்த்ததுமே எம்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, இது இன்னும் உயிரோட இருக்கு!" என்று தம்பி கூடத்திலிருந்து கத்தினான். கேம் கேசட்டை வாயருகே வைத்துத் தூசியை ஊதினான். அத்தையின் பழைய குண்டு டிவியைப் பின்னறையிலிருந்து தூக்கிவந்து, முதுகைப் பிடித்துக்கொண்டு முனகினான்.

கடலோர ஊரான மஹ்தியாவின் அந்த வீட்டில் அன்று மாலை அவர்களுடைய கடைசித் தங்கை ஷீராஸுக்கு மருதாணி. மணப்பெண் தோழிகளோடு ஹம்மாமுக்கு, ஊர்ப் பொதுக் குளியலகத்துக்கு, போய்விட்டாள். வெயில் தாழும்வரை மோஞ்சியா அத்தையைத் தவிர யாருக்கும் வேலையில்லை. அத்தை சமையலறையில் தேநீருக்காகப் பைன் பருப்பைப் பொறுக்கியபடி, வந்து போகிறவர்களையெல்லாம் அதட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா மகள் தோர்சாஃப் முந்தின நாள்தான் தோஹாவிலிருந்து வந்திருந்தாள். அங்கே ஒரு மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நர்ஸ். அவளுக்கும் எம்னாவுக்கும் ஒரே வயது, முப்பத்தெட்டு.

"இருபது சுற்று. முழுசா ஆடணும். பாதியில எழுந்து போனா தோத்தவங்கன்னு அர்த்தம்" என்றான் நிதால்.

"உன் தொப்பையோட தரையில உக்காந்தா எழுந்து போறது எங்க?" என்றாள் தோர்சாஃப்.

மூன்று பேர் அவர்கள். நாலாவது ஆட்டக்காரரை இயந்திரமே ஆடும். பகடை வீசி, வண்ண வண்ணக் கட்டங்களில் நகர்ந்து, ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு குட்டிப் போட்டி. பொத்தானை யார் வேகமாக அழுத்துகிறார்கள், உருளும் பீப்பாய் மேல் யார் விழாமல் நிற்கிறார்கள் என்று இப்படி. கடைசியில் யாரிடம் நட்சத்திரம் அதிகமோ அவர் வென்றவர். முதல் மூன்று போட்டிகளையும் தோர்சாஃப் ஜெயித்தாள். அவள் கட்டைவிரல் துடிப்பது கண்ணுக்கே தெரியவில்லை.

அந்த வேகம்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று எம்னா நினைத்தாள். பிறகு, இல்லை, அதன்மேல் பழியைப் போடாதே என்று தன்னையே தடுத்துக்கொண்டாள்.

பத்து வயதில் பஹ்ரைனிலிருந்து அப்பாவோடு ஊர் திரும்பியபோது அவளுடைய வளைகுடா அரபியைக் கேட்டுத் தெருவே சிரித்தது. டிவி சீரியல் போலப் பேசுகிறாள் என்றார்கள். நீந்தத் தெரியாது, மீன் முள் எடுக்கத் தெரியாது. அவளிடம் இருந்தவை இரண்டு. அப்பா வாங்கிக்கொடுத்த இந்தப் பெட்டி. அந்த வீட்டில் வேறு யாருக்கும் வராத ஆங்கிலம். பள்ளியில் எல்லோருக்கும் அரபியும் பிரெஞ்சும்தான். திரையில் எழுத்து ஓடினால் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பும். என்ன சொல்லுது, எம்னா? அந்தக் கேள்வியின் ருசியை அவள் இன்னும் மறக்கவில்லை.

பலகையின் கட்டங்களில் ஒன்றில் கண்ணாடி போட்ட ஆந்தை உட்கார்ந்திருக்கும். அது ஆங்கிலத்தில் ஏதோ சொல்லும், பதிலுக்கு மேலும் கீழுமாக இரண்டு தேர்வுகள் வரும். விளையாட்டைச் செய்தவர்கள் ஊரில் ஆந்தை படித்த பறவையாக இருக்கலாம். மஹ்தியாவில் ஆந்தை கத்தினால் ஜன்னலைச் சாத்துவார்கள். தோர்சாஃப் முதன்முறை அந்தக் கட்டத்தில் நின்றபோது நான்கு நட்சத்திரம் வைத்திருந்தாள். எம்னாவிடம் ஒன்றுகூட இல்லை. "ராசியில்லாதவங்க ஒரு நட்சத்திரம் கட்டணும்னு சொல்லுது. மேல இருக்கிறதை அழுத்து" என்றாள் எம்னா. தவறாகப் படித்துவிட்டேன் என்று பின்னாளில் தனக்கே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவள் தவறாகப் படிக்கவில்லை.

ஏழு கோடைகள் அப்படிப் போயின. தானே அந்தக் கட்டத்தில் நின்றால் கீழே இருப்பதை அழுத்துவாள். "என்னை விட்டுடுச்சு" என்பாள். தோர்சாஃபுக்கு ஆந்தைக்காரி என்று பெயர் வந்தது. முதலில் விளையாட்டுக்கு. பிறகு பெரியவர்களும் சொன்னார்கள். ஒரு நிச்சயதார்த்தத்தில் பக்லாவா இனிப்புத் தட்டு சரிந்தபோது எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். எம்னாவின் சொந்த மருதாணி அன்று, கரைக்க உட்கார்ந்த தோர்சாஃபின் கையிலிருந்து அத்தை பாத்திரத்தை மெதுவாக வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். எம்னா இரண்டு கைகளையும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். வாய் மட்டும் திறக்கவில்லை.

"ஆந்தை! ஆந்தை!" நிதால் தொடையில் தட்டிக் கத்தினான். "வந்த மறுநாளே பிடிச்சிடுச்சு பாரு!"

ஒன்பதாம் சுற்று. தோர்சாஃபின் குட்டி உருவம் ஆந்தையின் முன் நின்றது. எழுத்துகள் ஒவ்வொன்றாய்த் திரையில் வந்தன. எம்னா திரையைப் பார்க்கவில்லை. தோர்சாஃபின் கண்களைப் பார்த்தாள். ஒன்பது வருடம் நாள் முழுக்க ஆங்கிலம் படித்துப் பழகிய கண்கள். அவை இடமிருந்து வலமாக நகர்ந்தன. நின்றன. மறுபடி முதலிலிருந்து நகர்ந்தன. பிறகு தோர்சாஃப் மேலே இருந்ததை அழுத்தினாள். ஒரு நட்சத்திரம் பறந்து போனது.

சத்தம் கேட்டு அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். "பாத்தியா, மெஷினுக்கே தெரியுது. சாயங்காலம் அந்த மருதாணிப் பாத்திரத்தை நீ தொடாதடி கண்ணு. தப்பா எடுத்துக்காத."

"எடுத்துக்கல அத்தை" என்றாள் தோர்சாஃப்.

இப்போது சொல், என்று எம்னாவுக்குள் ஒன்று சொன்னது. அவள் தேநீர்க் கிளாசை எடுத்துக் குடித்தாள். ஒருவேளை தோர்சாஃப் கவனிக்கவில்லையோ என்று நினைத்தாள். அந்த நினைப்பில் கிடைத்த நிம்மதியைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பதினோராம் சுற்றில் எம்னாவே போய் ஆந்தை முன் நின்றாள்.

"உனக்கென்ன, உன்னை விட்டுடும்" என்றான் நிதால்.

"படிச்சுச் சொல்லேன்" என்றாள் தோர்சாஃப். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "முன்னெல்லாம் நீதானே படிப்ப."

எம்னாவின் காதுமடல்கள் சுட்டன. மெல்லப் படித்தாள். "வணக்கம் நண்பரே. உங்களிடம் இருக்கும் நட்சத்திரங்களில் ஒன்றை எனக்குத் தருவீர்களா? மனமில்லை என்றால் பரவாயில்லை. மேலே 'ஆம்'. கீழே 'இல்லை'."

"என்னது, கேக்குதா?" என்றான் நிதால். "கட்டணும்னுதானே சொல்லும்?"

"எப்பவும் கேக்கத்தான் செஞ்சுது. நான்தான் மாத்திச் சொன்னேன். தோர்சாஃபை மேல அழுத்தச் சொல்லிட்டு, நான் கீழ அழுத்தினேன்."

"அப்ப எனக்கு?"

"நீ அழுவ. அதனால உனக்குச் சில நேரம் கீழ காட்டினேன்."

நிதால் சிரிக்க வாய் திறந்தான், பாதியில் மூடிக்கொண்டான். எம்னா எழுந்து, இன்னும் வாசற்படியில் நின்றிருந்த அத்தையைப் பார்த்தாள். "அத்தை, கேட்டியா? இவளுக்கு ராசியில்லைன்னு நாமளே கட்டின கதை. நான் கட்டினது. சாயங்காலம் மருதாணிய தோர்சாஃப்தான் கரைக்கணும்."

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சின்னப் பிள்ளைங்க விளையாட்டுல ஆயிரம் திருட்டுத்தனம் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்னடி? பக்லாவா தட்டைச் சரிச்சது இந்தப் பெட்டியா? உன் மாமா கார் இவளை ஏத்திக்கிட்டு நிச்சயத்துக்குப் போற வழியில நின்னுச்சே, அதுவும் நீ மாத்திப் படிச்சதாலயா?" தலையை ஆட்டிவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

எம்னா அவள் போவதையே பார்த்தாள். தான் நட்ட செடியின் வேர் தன் கையில்தான் இருக்கிறது என்று இத்தனை வருடமாக நம்பியிருந்தாள். அது எப்போதோ தனியாக வேர்விட்டிருந்தது.

"உக்காரு" என்றாள் தோர்சாஃப்.

"உனக்கு... இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"தோஹாவுல முதல் வருஷமே தெரியும். கூட வேலை செய்யற பிலிப்பைன்ஸ் பொண்ணு வீட்ல இதே விளையாட்டு இருந்துச்சு. ஆந்தை வந்துச்சு. படிச்சேன்."

"ஏன்டி சொல்லல?"

"யார்கிட்ட, என்னன்னு? ஏழு வருஷம் ஒருத்தி அழுத்துன்னா அழுத்தினேன்னா? ராசியில்லாதவன்னு சொன்னாக்கூட தாங்கிக்கலாம். முட்டாள்னு சொன்னா?"

"அப்ப இன்னிக்கு ஏன் மேல அழுத்தின?"

தோர்சாஃப் இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். "நீ வாய் திறக்கறியான்னு பாத்தேன். அத்தை வந்து அப்படிச் சொன்னாளே, அப்ப."

எம்னா தலையைக் குனிந்துகொண்டாள். கம்பளத்தில் சிந்தியிருந்த ஒரு பைன் பருப்பை விரலால் ஒற்றி எடுத்தாள். அழுதால் தோர்சாஃப் ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அதையும் அவளிடமிருந்து வாங்கக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"நான் அத்தைகிட்ட மறுபடி பேசறேன். நீதான் கரைக்கணும்."

"வேண்டாம். எனக்கு அந்தப் பாத்திரம்மேல ஆசையெல்லாம் எப்பவோ போயிடுச்சு. புதுச் செருப்பு வாங்கிட்டு வந்திருக்கேன், நல்லா ஆடப்போறேன். உன் மனசைக் கழுவிக்க நான் சோப்புக்கட்டி இல்ல, எம்னா."

நிதால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நிறுத்திடலாமா?" என்று கேட்டான்.

"எதுக்கு? இருபது சுற்றுன்னு நீதான சொன்ன" என்றாள் தோர்சாஃப். "ஆந்தைக்குப் பதில் சொல்லுடி. காத்துட்டிருக்கு."

எம்னா கன்ட்ரோலரை எடுத்தாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு நட்சத்திரம். மேலே இருந்ததை அழுத்தினாள். ஆந்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இடுப்பை வளைத்து வணங்கியது. நீங்கள் மிகவும் நல்லவர் என்று எழுத்துகள் வந்தன. அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. தோர்சாஃப் படித்துவிட்டாள் என்பது தெரிந்தது. அவள் உதட்டோரம் ஒரு கணம் கோணியது, அவ்வளவுதான்.

பிறகு தோர்சாஃப் பகடையை வீசினாள். அடுத்து வந்த போட்டியில், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல், எம்னாவை ஐந்தே நொடியில் பீப்பாயிலிருந்து தள்ளிவிட்டாள்.