தண்ணீர் ஊற்றாத காபி

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வராதீர்கள். போன மாதம் முஹிபா அக்கா வீட்டு முற்றத்தில், என் கண்ணெதிரே நடந்தது. அன்றிலிருந்து தூக்கம் போச்சு. எழுதினால் சரியாகும் என்று உட்கார்ந்தேன். சரியாகவில்லை.

முதல் வரி இப்படி வந்தது: ‘சரயேவோவின் சுல்தான் காலத்துத் தெருக்களில் இளவெயில் மெல்ல’

சே! இளவெயிலாவது மண்ணாவது. அன்றைக்குத் தூறிக்கொண்டிருந்தது.

2.

ஜும்ரா என் தோழி. சுற்றுலா வழிகாட்டி. சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியூர்க்காரர்களைப் பழைய கடைத்தெரு, பெரிய பள்ளிவாசல், சூரியன் மறையும்போது பன்னிரண்டு காட்டும் மணிக்கூண்டு என்று நடத்திக்கொண்டு போவாள். வேலைவெட்டி இல்லாதவன் ஒருவனும் கூடவே போவான். (எழுத்தாளன் என்று படிக்கவும். நான்தான்.) கடைசியாக, காபி குடிக்க, பிஸ்த்ரிக் மேட்டில் முஹிபா அக்கா வீடு. அங்கே மாடியில் மரச்சட்டம் அடித்த ஒரு ஜன்னல். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

மேடு ஏறும்போதே ஜும்ரா அந்த ஜன்னலின் கதையைச் சொல்லிவிடுவாள். முந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு துருக்கிப் பிரபுவின் மகள், போருக்குப் போன சிப்பாய்க்காக அங்கே காத்திருந்தாளாம். காபித்தூளைப் பாத்திரத்தில் போட்டு, அவன் வந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவேன் என்று. கேட்பவர்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

கதை நிஜம்தான். பிரபுவும் முந்நூறு வருடமும்தான் பொய். காத்திருந்தது முஹிபா அக்கா. தொண்ணூறுகளில் ஊரை எதிரிப்படை வளைத்து, குழாய்கள் வறண்டு கிடந்த முற்றுகைக் காலத்தில், வீட்டில் மிச்சமிருந்த ஒரு பிடி தூளைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, பீர் ஆலை ஊற்றுக்குத் தண்ணீர் பிடிக்கப் போன புருஷனுக்காகக் காத்திருந்தாள். வழியில் குண்டு விழுந்தது. இதை அவள் ஜும்ராவிடம் மட்டும் சொன்னாள். ஜும்ரா என்னிடம் சொன்னாள். நான் உங்களிடம்*

* இந்த வாக்கியத்தை முடிக்கப் பிடிக்கவில்லை. அதற்குப் பதில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: எங்கள் ஊரில் விருந்தாளிக்கு மூன்று காபி. வந்ததற்கு ஒன்று, பேசுவதற்கு ஒன்று. மூன்றாவது வந்தால், எழுந்து போங்கள் என்று அர்த்தம். வாயால் யாரும் சொல்வதில்லை.

3.

அன்றைய கூட்டத்தில் பக்கத்து நாட்டு ஜாக்ரெப் ஊர்க்காரி ஒருத்தி இருந்தாள். அவள் பேசுவது எங்கள் பாஷைதான், அக்காவுக்கும் புரிந்துவிடும். அதுதான் வினை. முஹிபா அக்கா முதல் காபியை நீட்டும்போது அவள் அண்ணாந்து பார்த்தாள்.

“ஏங்க, அந்தப் பொண்ணு உக்காந்திருந்த ஜன்னல் இதானே? தண்ணி ஊத்தாத காபியோட?”

முஹிபா அக்காவின் கை அப்படியே நின்றது. ஜாக்ரெப்காரி விடவில்லை. ஜும்ராவிடம் திரும்பினாள்.

“கடைசில அவன் வந்தானா, இல்லையா?”

“வரலை,” என்றாள் ஜும்ரா, பழக்க தோஷத்தில். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

முஹிபா அக்கா உள்ளே போனாள். யாரும் பாதிகூடக் குடித்திருக்கவில்லை, அதற்குள் திரும்பி வந்தாள். இரண்டாவது காபியும் மூன்றாவது காபியும் ஒரே தட்டில்.

“அடேயப்பா, என்ன உபசாரம்!” என்று கூட்டம் படம் பிடித்தது. ஜும்ரா மட்டும் எழுந்து நின்றுவிட்டாள். எங்களுக்குப் பின்னால் கதவு தாழிடும் சத்தம் கேட்டது.

4.

முடிவுகள்:

(அ) ஜும்ரா காலில் விழுகிறாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். [டிவி தொடருக்கு ஆகும்.]

(ஆ) ஜும்ரா வேலையை உதறிவிட்டுக் குடையை ஆற்றில்

[எறியமாட்டாள். புதுக் குடை.]

இதையெல்லாம் அவளிடமே படித்துக் காட்டினேன். எரிந்து விழுந்தாள்.

“நான் சொன்னா திருட்டு, நீ எழுதினா இலக்கியமா? போடா!”

பிறகு அழுதாள்.

“எங்கம்மா போனப்புறம் எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வீடுதான், நெஜாத். தினம் போய்த் தட்றேன். தொறக்கவே மாட்டேங்கிறாங்க. உன் முடிவெல்லாம் நீயே வச்சுக்க. எனக்கு அந்தக் கதவு தொறந்தாப் போதும்.”

5.

தாள்களை எடுத்துக்கொண்டு முஹிபா அக்கா வீட்டுக்குப் போனேன். எனக்குத் திறந்தாள். மாடியில் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து இதுவரை உள்ளதைப் படித்துக் காட்டினேன்.

“புருஷன்னு எழுதியிருக்கியே, அவருக்குப் பேரு இல்லையா?”

ஷெஃப்கெத். (மேலே போய்த் திருத்தவில்லை. நான் மறந்தது அப்படியே தெரியட்டும்.)

“ஜும்ரா மாத்திச் சொன்னாள்னுதானே அக்கா கோபம்?”

“அதுல எனக்கென்னடா கோபம்? என்னைப் பிரபு மகளாக்கினா, நல்லாத்தானே இருக்கு! காலத்தை மாத்தினா, ஆளை மாத்தினா. இவ்வளவும் மாத்தத் தெரிஞ்சவளுக்கு, அவரை வீட்டுக்கு வர வைக்கத் தெரியலையே! சொல்றது பொய்தானே? அந்தப் பொய்யிலயாவது ஒரு தடவை அவரு தண்ணியோட வந்தா என்னவாம்?”

அவள் எழுந்து போய்ச் செம்புப் பாத்திரத்தில் தூளைப் போட்டு அடுப்பில் வைத்தாள். பக்கத்திலேயே தண்ணீர் கொதித்தது. ஊற்றவில்லை.

“கதை எழுதுறவன்தானே நீ? அவரு வந்துட்டாருன்னு எழுது, ஊத்தறேன்.” ஜன்னல் பக்கம் தலையை ஆட்டினாள். “அவ கீழதான் நிக்கிறா பாரு, குடையப் புடிச்சுக்கிட்டு. எழுதிட்டு அவளையும் கூப்புடு. மூணு பேரும் குடிப்போம்.”

(அ), (ஆ) என்று எவ்வளவு சுலபமாகக் கிறுக்கினேன்! இப்போது கை ஓடவில்லை. வந்தார் என்று எழுதினால், இத்தனை வருடம் இவள் யாருக்காக இங்கே உட்கார்ந்திருந்தாள்? எழுதாவிட்டால் கீழே கதவு திறக்காது.

எங்களோடு இவ்வளவு தூரம் நடந்து வந்துவிட்டீர்கள். பேனாவை நீங்கள் பிடியுங்கள். சீக்கிரம், தூள் கருகுகிறது. என்னால் முடிந்தது இவ்வளவுதான்:

ஷெஃப்கெத் இரண்டு கையிலும் தண்ணீர்க் கேன்களோடு மேடேறி வந்து, கதவை